மறுநாளும் அதே பூச்சாடி

லண்டனில் ஒரு மருத்துவரின் அறை. சிகிச்சைக்கு வந்த பெண் படுக்கையில் சாயாமல் அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறார். எதிரே இருப்பவருக்குத் தன் வேதனை ஒருநாளும் புரியப்போவதில்லை என்ற எண்ணம் அவரை ஆட்டிப்படைக்கிறது. ஜன்னல் வழியே குதித்துவிடலாமா என்று யோசிக்கிறார். தடுத்துவிடுவார் என்று தோன்றுகிறது. புத்தகங்களை எல்லாம் வெளியே எறியலாமா? கடைசியில், வெள்ளை லைலாக் பூக்கள் நிறைந்த பெரிய பூச்சாடியை உடைத்து அதன்மேல் ஏறி மிதிக்கிறார். மருத்துவர் சட்டென்று எழுந்து வெளியே போய்விடுகிறார். நேரம் முடியும் தறுவாயில் திரும்பி வரும்போது, அந்தப் பெண் சிதறியதையெல்லாம் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். மறுநாள் அவர் வந்து பார்த்தால், அதே இடத்தில் அச்சு அசலாக அதே போன்ற பூச்சாடி, அதே லைலாக். சில நாட்கள் கழித்து மருத்துவர் விளக்கினார்: அன்று உடைந்தது தனக்கு அருமையான பொருள் என்றார்.

உடைத்தவர் மார்கரெட் லிட்டில். அவரும் ஓர் உளப்பகுப்பாய்வாளர்தான். பிறர் மனத்துக்கு மருந்திட்டுக்கொண்டே, தன் மனம் எந்நேரமும் நொறுங்கிவிடும் என்ற பயத்தில் வாழ்ந்தவர். 1949 முதல் 1955 வரையிலும், பிறகு 1957-லும் டொனால்ட் வினிகாட் என்ற மருத்துவரிடம் சிகிச்சை பெற்றார். அந்த அனுபவத்தை ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டதால்தான் பூச்சாடியின் கதை நமக்குத் தெரிகிறது.

உடைத்தவருக்கு எந்தத் தண்டனையும் கிடைக்கவில்லை. நடந்தது ஒன்றுமே இல்லை என்ற நடிப்பும் இல்லை. வினிகாட்டுக்குக் கோபமோ வருத்தமோ வந்திருக்க வேண்டும். அறையைவிட்டுப் போனது அதனால்தான் என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் மறுநாள் அவர் இருந்தார், அறை இருந்தது, பூவும் இருந்தது. மனம் உடைந்தவர்களுக்கு அவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்த வைத்தியத்தின் உயிர்நாடி இதில் இருக்கிறது. என்னதான் தாக்கினாலும் அழிந்துபோகாத, பதிலுக்குத் தாக்காத ஒரு மனிதராகத் தொடர்ந்து அங்கே இருப்பது.

கேட்கச் சுலபம். செய்து பார்த்தவர்களுக்குத்தான் இதன் பாரம் தெரியும்.

வினிகாட் 1896-இல் இங்கிலாந்தின் தென்மேற்கே பிளிமத் துறைமுக நகரில் பிறந்தவர். அப்பா வணிகர், அந்நகரின் மேயராகவும் இருந்தவர். அம்மா மனச்சோர்வில் அமிழ்ந்திருந்தவர். அந்த அம்மாவுக்கு உயிரூட்டுவதே தன் வேலையாக இருந்த ஒரு சிறுவனைப் பற்றி, முதுமையில் வினிகாட் ஒரு கவிதை எழுதினார். 1923-இல் லண்டனின் பேடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் மருத்துவராகச் சேர்ந்து நாற்பது ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். சேர்ந்த அதே ஆண்டில், உளப்பகுப்பாய்வின் முன்னோடி ஃப்ராய்டை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சியிடம் தன் மனச்சிக்கல்களுக்காகச் சிகிச்சைக்குப் போனார். அது பத்து ஆண்டுகள் நீடித்தது. ஆக, காலையில் வயிற்றுப்போக்கும் இருமலும் பார்க்கிற குழந்தை மருத்துவர்; இன்னொரு பக்கம், தன் கனவுகளைச் சொல்லிக்கொண்டு படுத்திருக்கும் நோயாளி. இரண்டும் ஒரே ஆளுக்குள் நடந்ததுதான் அவரை மற்ற பகுப்பாய்வாளர்களிடமிருந்து பிரித்தது. ஃப்ராய்டின் வழியில் வந்தவர்கள் பெரியவர்களின் பேச்சிலிருந்து குழந்தைப் பருவத்தை ஊகித்துக்கொண்டிருந்தபோது, இவர் கண்ணெதிரே அம்மாவின் மடியில் குழந்தை இருந்தது. குழந்தை என்று தனியாக ஒன்று இல்லை, அதைத் தாங்கும் ஒருவரோடு சேர்த்துத்தான் அதைப் பார்க்க முடியும் என்று அவர் சொன்னது நூலில் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை.

மருத்துவமனையில் அவர் கையாண்ட ஒரு முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஐந்து மாதத்திலிருந்து பதின்மூன்று மாதம் வரையுள்ள குழந்தையோடு தாய் வந்து மேசையோரம் அமர்வார். நாக்கை அழுத்திப் பார்க்க மருத்துவர்கள் வைத்திருக்கும் பளபளப்பான தட்டை உலோகக் கருவி ஒன்று மேசை விளிம்பில், குழந்தைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். குழந்தை கையை நீட்டும். நீட்டிய கை பாதியில் நிற்கும். அம்மாவைப் பார்க்கும், மருத்துவரைப் பார்க்கும், முகத்தை அம்மாவின் சட்டையில் புதைத்துக்கொள்ளும். யாரும் எதுவும் சொல்லக் கூடாது, உற்சாகப்படுத்தவும் கூடாது. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் வாயில் எச்சில் ஊறும், கண்ணில் தைரியம் வரும். கருவியை எடுத்துச் சப்பும், மேசையில் தட்டும், அம்மாவுக்கு ஊட்டும். பிறகு தவறவிடுவதுபோல் கீழே போடும். எடுத்துக் கொடுத்தால் மகிழ்ந்து மறுபடி போடும். அத்தோடு அதன் மேல் உள்ள ஆசை தீர்ந்துவிடும்.

அந்தத் தயக்க நேரத்தில் பொறுமையிழந்து கருவியை வாயில் திணித்தால் குழந்தை அலறும். 1941-இல் இதைக் கட்டுரையாக எழுதியபோது, மூச்சிரைப்போடு வந்த ஏழு மாதப் பெண் குழந்தையைப் பற்றியும் எழுதினார். கருவியைத் தொடலாமா வேண்டாமா என்று தயங்கிய அந்த நேரத்தில்தான் அவளுக்கு மூச்சிரைத்தது. துணிந்து எடுத்ததும் மூச்சு சீரானது. பெரியவர்களின் தயக்கமும் இதுவேதான் என்று அவர் புரிந்துகொண்டார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் நாற்பது நிமிடம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவரின் வாயில் விளக்கத்தைத் திணித்தாலும் அதே அலறல்தான். சத்தம் வெளியே கேட்காது, அவ்வளவே வித்தியாசம். நம் வீடுகளில் துக்கத்தோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால், அவர் மூச்சுவிடும் முன்பே ‘எல்லாம் சரியாயிடும், இதையே நினைச்சிட்டு இருக்காதே’ என்று நாம் சொல்லும் ஆறுதலும் பல நேரம் இந்தத் திணிப்புதான்.

இரண்டாம் உலகப் போர் அவருக்கு வேறொரு பள்ளிக்கூடமாக அமைந்தது. 1939 செப்டம்பரில் குண்டுவீச்சுக்குப் பயந்து பிரிட்டிஷ் அரசு லட்சக்கணக்கான குழந்தைகளை நகரங்களிலிருந்து கிராமப்புறங்களுக்கு அனுப்பியது. குண்டிலிருந்து தப்பிப்பார்கள், தாயைப் பிரிந்து என்ன ஆவார்கள் என்று யார் யோசித்தது? சின்னஞ்சிறு குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரிப்பதன் ஆபத்தை எச்சரித்து, சக மருத்துவர்கள் ஜான் பௌல்பி, இம்மானுவேல் மில்லர் ஆகியோரோடு சேர்ந்து வினிகாட் அந்த ஆண்டு டிசம்பரிலேயே மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். பிறகு, எந்த வீட்டிலும் வைத்துக்கொள்ள முடியாமல் போன குழந்தைகளுக்காக ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் நடந்த விடுதிகளுக்கு வாரந்தோறும் போனார். அங்கே சமூகப் பணியாளராக இருந்த கிளேர் பிரிட்டனைத்தான் பின்னாளில், 1951-இல், இரண்டாவதாக மணந்தார். திருடுகிற, படுக்கையை நனைக்கிற, தீ வைக்கிற பிள்ளைகளை மேய்க்கும் விடுதி ஊழியர்களிடம் அவர் கற்றது நிறைய. நேரத்துக்குச் சாப்பாடு, சூடான படுக்கை, நேற்று இருந்த அதே ஆள் இன்றும் இருப்பது ஆகியவையே அங்கே சிகிச்சை. பகுப்பாய்வு அறையில் நடப்பதைவிடத் தாழ்ந்த வேலையாக இதை அவர் கருதவில்லை.

அந்தக் காலத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனை வினிகாட்டும் அவருடைய முதல் மனைவியும் தங்கள் வீட்டிலேயே மூன்று மாதம் வைத்திருந்தார்கள். ஆறு வயதிலிருந்தே வீட்டைவிட்டு ஓடிக்கொண்டிருந்தவன். அந்த மூன்று மாதமும் நரகமாக இருந்தது என்பதை வினிகாட் மறைக்கவில்லை. முதலில், ஓடிப்போக அவனுக்கு முழுச் சுதந்திரமும் ஒவ்வொரு முறையும் ஒரு ஷில்லிங்கும் கொடுத்தார்கள். ஓடுவது நின்றது, வீட்டுக்குள்ளேயே தாக்குதல் தொடங்கியது. அவன் வெறிகொண்டு ஆடும்போது வினிகாட் அவனைத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே விடுவார், மழையானாலும் இரவானாலும். வெளியே ஒரு மணி இருந்தது. அதை அடித்தால் கதவு திறக்கும், உள்ளே வந்தபின் நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. ஆனால் வெளியே விடும் ஒவ்வொரு முறையும் அவர் அவனிடம் ஒன்றைச் சொன்னார்: நீ செய்தது உன்மேல் எனக்கு வெறுப்பை உண்டாக்கிவிட்டது.

ஒரு மருத்துவர் நோயாளியிடம், அதுவும் ஒரு குழந்தையிடம், இப்படிச் சொல்லலாமா? இன்றைய குழந்தைகள் நலச் சட்டங்கள், குழந்தையை மழையில் வெளியே விடுவதை ஒரு நாளும் ஏற்கா, ஏற்கவும் கூடாது. ஆனால் அவர் சொன்ன சொல்லை நான் வேறாகப் பார்க்கிறேன். அடித்திருந்தால் அவனுக்குக் குற்ற உணர்வோ வன்மமோதான் மிஞ்சியிருக்கும். சொல்லாமல் சிரித்து மழுப்பியிருந்தால், தான் யாரையும் தொடவே முடியாத ஒரு பேய் என்று அவன் நினைத்திருப்பான். வெறுப்பை வாய்விட்டுச் சொல்ல முடிந்ததால்தான் தன்னால் நிதானமிழக்காமலும், அவனைக் கொன்றுவிடலாம் போன்ற ஆத்திரத்துக்கு இரையாகாமலும் இருக்க முடிந்தது என்று வினிகாட் எழுதினார். 1947-இல் சக பகுப்பாய்வாளர்கள் முன் அவர் இதையெல்லாம் ஒரு கட்டுரையாகப் படித்தபோது, தாய்க்கும் தன் குழந்தைமேல் வெறுப்பு உண்டு, அதற்கு ஏராளமான காரணங்களும் உண்டு என்று வரிசையாக அடுக்கினார். நல்ல தாய் அதைக் குழந்தைமேல் கொட்டாமல் தாங்கிக்கொள்கிறாள் என்பதுதான் அவருடைய கருத்து. அன்பு மட்டுமே ததும்ப வேண்டும் என்று தன்னைத்தானே வதைத்துக்கொள்ளும் எத்தனையோ தாய்மார்களுக்கு இதைவிடக் கருணையான வார்த்தையை எந்த உளவியலாளரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

திருட்டைப் பற்றியும் அவர் பார்வை தலைகீழானது. தோழி ஒருவர், நான்கு பிள்ளைகளில் மூத்தவன் திருடுகிறான் என்று ஒருவேளை உணவுக்கு நடுவே இவரிடம் வருந்தினார். பையனை இவர் பார்க்கவில்லை. அவன் திருடும் பொருள் அவனுக்கு வேண்டியதில்லை, தன்னிடமிருந்து பறிபோன உங்கள் அன்பில் தனக்கு உரிமை உண்டு என்று கேட்கிறான், இதை அவனிடமே அவனுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். தாய் சொன்னார். திருட்டு நின்றது. ஒருகாலத்தில் கிடைத்துப் பிறகு இழந்த ஒன்று மறுபடி கிடைக்கும் என்ற நம்பிக்கை துளிர்க்கும்போதுதான் குழந்தை தொல்லை கொடுக்கத் தொடங்குகிறது என்று 1956-இல் எழுதினார். நம்பிக்கையற்ற பிள்ளை அடங்கிக் கிடக்கும், ஊரார் அதை நல்ல பிள்ளை என்பார்கள்.

பெரியவர்களுக்கான சிகிச்சையில் இவை எல்லாம் எப்படி வந்தன? மறுபடி மார்கரெட் லிட்டிலிடம் போவோம். ஆரம்ப நாட்களில் அவர் போர்வைக்குள் சுருண்டு, அசையாமல், பேசாமல் கிடந்தார். வினிகாட் மணிக்கணக்கில் அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமாக ஐம்பது நிமிடம் நடக்கும் அமர்வை, கட்டணத்தை உயர்த்தாமல், ஒன்றரை மணி நேரமாக நீட்டினார். முடிவில் காபியும் பிஸ்கட்டும் வரும். தான் விடுமுறையில் போகும் காலத்தில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்து இருப்பதை உணர்ந்து, மருத்துவமனையில் தங்க ஏற்பாடு செய்தார். எல்லோருக்கும் இப்படிச் செய்யவில்லை. தன் கதையைச் சொல்லும் அளவுக்கு ஒரு ‘நான்’ உருவானவருக்குப் பேச்சும் விளக்கமும் போதும்; அந்த ‘நான்’ உருவாகும் முன்பே கைவிடப்பட்டவருக்கு முதலில் தாங்குதல் வேண்டும் என்று பிரித்துப் பார்த்தார். விளக்கம் சொல்வதில் தனக்கிருந்த அவசரத்தால் எத்தனை பேரின் ஆழமான மாற்றத்தைத் தடுத்துவிட்டோம் என்று முதுமையில் அவர் வேதனைப்பட்டிருக்கிறார். காத்திருந்தால் நோயாளி தானாகவே அதைக் கண்டுபிடிப்பார், அந்த மகிழ்ச்சியைப் பறிக்கக் கூடாது என்பது அவர் வந்து சேர்ந்த இடம்.

அவர் இறந்தபின் 1974-இல் வெளியான சிறிய கட்டுரை ஒன்று, இந்தத் துறையில் நான் படித்தவற்றில் மிகவும் உலுக்கியது. ‘எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்’, ‘ஏதோ பயங்கரம் நடக்கப்போகிறது’ என்று நாளெல்லாம் அஞ்சுபவர்களைப் பற்றியது. அவர்கள் அஞ்சும் அந்த நொறுங்கல் ஏற்கெனவே நடந்துவிட்டது என்கிறார் வினிகாட். ஆனால் அது நடந்தபோது, அதை ‘எனக்கு நடக்கிறது’ என்று உணரும் ஆள் அந்தக் குழந்தைக்குள் இன்னும் உருவாகியிருக்கவில்லை. நினைவில் பதியாததால் அதை மறக்கவும் முடியவில்லை, எதிர்காலத்தில் தேடுகிறார்கள். சிகிச்சையாளர் ஒருநாள் தாமதமாக வருவார், விடுமுறை எடுப்பார், ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார். அந்தச் சிறிய தவறின் வழியாகப் பழைய பெரிய கைவிடல் இன்றைய கோபமாக வெளியே வரும். ஒருவர் அருகிலிருக்க, தாங்கக்கூடிய அளவில், அது இப்போதுதான் முதன்முறையாக அனுபவிக்கப்படும். சிகிச்சையாளர் தன் தவறுக்குச் சாக்குச் சொல்லத் தொடங்கினால் அந்த வாய்ப்பு போய்விடும்.

இவ்வளவு நெருக்கமான வைத்தியத்துக்கு வேலி வேண்டும். அது இல்லாமல் போனதும் இந்தக் கதையில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. பஞ்சாபிலிருந்து லண்டன் சென்ற மசூத் கான், வினிகாட்டிடம் பல ஆண்டுகள் சிகிச்சை பெற்றவர். அதே காலத்தில் வினிகாட்டின் எழுத்துகளைச் செம்மைப்படுத்தியவரும் கானே. நோயாளியையே உதவியாளராகவும் வைத்துக்கொண்டது இந்தத் துறையின் அடிப்படை ஒழுங்குக்கே எதிரானது. கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் வின் காட்லியை வினிகாட்தான் கானிடம் சிகிச்சைக்கு அனுப்பினார். கான் தன் சொந்த வாழ்க்கையையும் வம்புப் பேச்சையும் சிகிச்சை அறைக்குள் கொண்டுவந்து தன்னை எப்படிச் சீரழித்தார் என்று காட்லி 2001-இல் எழுதியதைப் படித்தவர்களால் அதை மறக்க முடியாது. பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வுச் சங்கம் கானை 1988-இல் நீக்கியது. வினிகாட் அச்சங்கத்தின் தலைவராக இரண்டு முறை இருந்தவர். எல்லோருடைய தாக்குதலையும் தாங்கியவருக்கு, தன்னை வழிபட்ட ஒருவரைத் தடுத்து நிறுத்தத் தெரியவில்லை. நேரம், கட்டணம், அறைக்கு வெளியே உறவில்லாமை எல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் காட்லியின் கட்டுரையைத் தேடிப் படிக்க வேண்டும்.

சரி, இந்த வைத்தியம் பலன் தருகிறதா? லண்டன் டாவிஸ்டாக் மையத்தின் ஆய்வு 2015-இல் வெளியானது. குறைந்தது இரண்டு சிகிச்சைகளாவது பலனளிக்காமல் போன மனச்சோர்வு நோயாளிகள் 129 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு, பதினெட்டு மாதங்களில் 60 அமர்வுகள் கொண்ட உளப்பகுப்பாய்வு முறைச் சிகிச்சையும் சேர்த்துத் தரப்பட்டது. அது முடிந்த கையோடு பார்த்தபோது இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதன்பின் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, நோய் ஓரளவேனும் தணிந்திருந்தவர்கள் உளப்பகுப்பாய்வுப் பிரிவில் 30 சதவீதம், மற்றதில் 4.4 சதவீதம். பலன் மெதுவாக வருகிறது, பலருக்கு வராமலும் போகிறது.

வினிகாட்டுக்கு இது தெரியாததில்லை. 1955 மார்ச்சில் ஏழு வயதுப் பையன் ஒருவனைப் பெற்றோர் பேடிங்டன் கிரீனுக்கு அழைத்துவந்தார்கள். நாற்காலிகளையும் மேசைகளையும் கயிற்றால் கட்டிப் பிணைத்துக்கொண்டே இருக்கிறான், அண்மையில் தங்கையின் கழுத்தில் கயிறு சுற்றிவிட்டான் என்றார்கள். வினிகாட் அவனோடு தன் கிறுக்கல் விளையாட்டை ஆடினார். ஒருவர் கை போன போக்கில் ஒரு கோடு போட, மற்றவர் அதை ஏதாவது உருவமாக்க வேண்டும். பையன் ஆக்கியதெல்லாம் சுருக்குக் கயிறு, சாட்டை, முடிச்சு. அவனுக்கு மூன்றேகால் வயதில் தங்கை பிறந்தாள். பிறகு அறுவைச் சிகிச்சைக்காகவும், அதற்கும் பின்னால் மனச்சோர்வுக்காக இரண்டு மாதமும் அம்மா அவனைப் பிரிந்து மருத்துவமனையில் இருந்தார். பிரிவைப் பொய்யாக்கத்தான் எல்லாவற்றையும் கட்டுகிறான், இதைப் பற்றி அவனோடு பேசுங்கள் என்று தாயிடம் சொன்னார் வினிகாட். குடும்பம் தொலைவில் இருந்தது, ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வர முடியும். எனவே தாய்தான் மருத்துவர். தாய்க்கு முதலில் அது அசட்டுத்தனமாகப் பட்டது. ஒரு மாலையில் பேச்செடுத்தார். பையன் பேசத் துடித்துக்கொண்டிருந்தான். அன்றோடு கயிறு விளையாட்டு நின்றது. தான் தொலைவில் இருந்தது அல்ல, கூடவே இருந்தும் மனச்சோர்வில் அவனைக் கவனிக்க முடியாதிருந்ததுதான் அவனுக்குப் பெரிய பிரிவு என்று தாயே கண்டுபிடித்து வினிகாட்டிடம் சொன்னார்.

அம்மா மறுபடி சோர்ந்தபோதெல்லாம் கயிறு திரும்ப வந்தது. ஒருநாள் அப்பா பார்த்தபோது, பையன் கயிற்றில் தலைகீழாக, செத்தவன்போலத் தொங்கிக்கொண்டிருந்தான். அப்பா ஓடவில்லை, கத்தவில்லை. அரைமணி நேரம் தோட்டத்தில் ஏதேதோ வேலை செய்துகொண்டே இருந்தார். பையனுக்குச் சலித்துப்போய் இறங்கினான். மறுநாள் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும் மரத்தில் அதையே செய்தான். அம்மா பதறி ஓடிவந்தார்.

1960-இல் இந்த வரலாற்றை வினிகாட் நம்பிக்கையோடு வெளியிட்டார். 1969-இல் அதோடு ஒரு குறிப்பைச் சேர்த்தார்: பையனைக் குணப்படுத்த முடியவில்லை. வளரிளம் பருவத்தில் போதைப்பொருளுக்கு அடிமையானான். படிக்க எங்கே அனுப்பினாலும் தப்பித்து, அம்மாவிடமே ஓடி வந்தான். 1971-இல், வினிகாட் இறந்த ஆண்டில், வெளியான அவருடைய நூலில் இரண்டும் அடுத்தடுத்து அச்சாகியிருக்கின்றன. முதலில் எழுதியதை அவர் நீக்கவில்லை.